தண்ணி நிக்கிற பக்கம்

ஒரு ஊர்ல ஒரு கதவு இருந்துச்சு. வீட்டுக் கதவு இல்ல, கோயில் கதவும் இல்ல. தண்ணிக்குக் கதவு. சிரிக்காதடி, நெசமாத்தான் சொல்றேன். தண்ணிக்கு எதுக்குக் கதவுன்னு கேளு.

அந்த ஊர் வழியா, கடலோரமா, நீளமா ஒரு கால்வாய் போச்சு. உப்பு, சவுக்குக் கட்டை, செங்கல், வைக்கோல், எல்லாம் படகுலதான் போவும் வரும். அப்போ அந்தப் பக்கம் ரோடு ஏது? ஆனா கால்வாய் ஒரே மட்டமா இல்ல. மேல பாதி உசரம், கீழ பாதி பள்ளம். படகு படி ஏறுமா? ஏறாதில்ல. அதனால நடுவுல கல்லால பெரிய தொட்டி ஒண்ணு கட்டி, மேல்பக்கம் ஒரு கதவு, கீழ்ப்பக்கம் ஒரு கதவு வச்சாங்க, ஒவ்வொண்ணும் கரைக்கு ஒரு பாதியா ரெட்டைக் கதவு. ஊர்ல அதுக்கு லாக்குன்னு பேரு. கீழேர்ந்து படகு தொட்டிக்குள்ள வரும். பின்னாடி கதவை மூடிடுவாங்க. மேல் கதவுல ஒரு பலகை இருக்கும், இரும்புக் கம்பியைப் போட்டுத் திருகினா அது எழும்பும். கிர்ர், கிர்ர், கிர்ர். தண்ணி குபுகுபுன்னு உள்ள பாயும், படகு அப்படியே மெதுவா மேல வரும். மட்டம் ஒண்ணானதும் மேல் கதவைத் தள்ளித் தொறந்தா, படகு போய்ட்டே இருக்கும். எறங்கணும்னா கீழ் கதவுப் பலகையைத் தூக்கி, இதே மாதிரி தலைகீழா. புரிஞ்சுதா? ம் கொட்டு, இல்லன்னா நான் செவுத்துக்குக் கதை சொல்ற மாதிரி இருக்கு.

ம். சரி.

அந்த லாக்குக்கு முதல்ல ஒரு காவக்காரர் இருந்தாரு. அவருக்கு வயசாயி ஊருக்குப் போய்ட்டாரு. வேற ஆளைப் போடுறேன் போடுறேன்னு சொன்னாங்க, போடவே இல்ல. அப்புறம் படகுக்காரங்க பாடு திண்டாட்டமாப் போச்சு. படகுக்கு ரெண்டே ஆளு. ஒருத்தன் படகைப் புடிச்சிக்கணும். இன்னொருத்தன் எறங்கி ஓடணும், இந்தக் கரை கதவைத் தள்ளணும், சுத்திப் போய் அந்தக் கரை கதவைத் தள்ளணும், பலகையைத் திருகணும், மறுபடி ஓடணும். நாக்கு தள்ளிடும். ஒரு தடவ ஒருத்தன் கதவு இடுக்குல கையைக் குடுத்துட்டு, அம்மான்னு அலறினான்.

அந்த அலறல் தேசம்மா காதுல விழுந்துச்சு. தேசம்மா லாக்குக்குப் பக்கத்துக் குடிசையில கோரைப்பாய் பின்னிட்டிருந்தவ. வீட்டுக்காரர் போய்ச் சேந்துட்டாரு. ஒரே பொண்ணு, கோமளான்னு பேரு, அவளைக் கீழ முகத்துவாரத்துக் குப்பத்துல கட்டிக் குடுத்தாச்சு. தேசம்மா பாயைப் போட்டுட்டு எழுந்து வந்தா, கதவைத் தள்றதுக்கு நீட்டியிருக்கிற கட்டையில முதுகை வச்சு, ஹெக், ஹெக்னு தள்ளினா. கதவு நகந்துச்சு. அவன் கை தப்பிச்சுது.

அன்னைக்கு ஆரம்பிச்சது. எந்தப் படகு வந்தாலும் தேசம்மா எழுந்து வருவா. யாரும் வேலைக்கு வைக்கல, யாரும் கூப்புடல. மீன் குடுத்தா வேணாம்பா, உப்பு குடுத்தா வேணாம்பா. "நான் என்ன கூலிக்கா தள்ளுறேன்? நீ நல்லபடியா போய்ச் சேரு"ம்பா. நல்லவதான். நான் இல்லைன்னு சொல்ல வரல. ஆனா யார்கிட்டயும் எதுவும் வாங்காதவங்களுக்கு ஒண்ணு வரும்டி. நம்மள ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்ல முடியாதுன்னு ஒரு திமிர். அது அவளுக்கும் வந்துச்சு. அவளுக்கே தெரியாம வந்துச்சு.

அந்த லாக்குக்கு ஒரு சட்டம் உண்டு. பழைய காவக்காரர் காலத்துலேர்ந்து இருக்கிறது. மேல ஒரு படகு, கீழ ஒரு படகு, ரெண்டும் ஒண்ணா வந்து நின்னா யாரை முதல்ல விடறது? பெரிய ஆளையா? மொதல்ல வந்தவனையா? ரெண்டும் இல்ல. தொட்டியில தண்ணி எந்த மட்டத்துல நிக்குதோ, அந்தப் பக்கத்துப் படகுதான் மொதல்ல. ஏன் தெரியுமா? தொட்டியைச் சும்மா நெரப்பினாலோ, சும்மா காலி பண்ணினாலோ, மேல இருக்கிற தண்ணி ஒரு தொட்டி வீணாப் போச்சு. மழைக்காலத்துல பரவாயில்ல. சித்திரை வைகாசியில மேல கால்வாயே முழங்கால் தண்ணியில கெடக்கும். அதுல ஒரு தொட்டி போச்சுன்னா, மேல நாலு படகு சேத்துல உக்காந்துடும்.

அப்போ மொத சோதனை வந்துச்சு. கருவாட்டுப் படகு ஏகாம்பரம்னு ஒருத்தன் கீழேர்ந்து வந்தான். தண்ணி மேல நின்னுச்சு. மேல தர்பூசணிப் படகு எறங்கக் காத்திருக்கு. ஏகாம்பரம் கம்பளியைப் போத்திக்கிட்டு, படகுல படுத்துக்கிட்டு, "ஐயோ வயிறு, ஐயோ உயிர் போவுதே"ன்னு முனகுறான். கூட இருந்தவன் தேசம்மா கால்ல விழாத குறை. அவளுக்கு மனசு கேக்கல. தண்ணியைச் சும்மாவே எறக்கிவிட்டா, தொட்டியைத் திருப்பினா, அவனை மொதல்ல மேல ஏத்திவிட்டா. மேல் கதவைத் தாண்டினானோ இல்லையோ, ஏகாம்பரம் கம்பளியை ஒதறிட்டு எழுந்து உக்காந்து, பீடியைப் பத்தவச்சான். "ஒடம்பு சரியாயிடுச்சு தேசம்மா. ஒன் கை ராசி"ன்னான். இளிச்சுக்கிட்டே போய்ட்டான்.

அவன் போய்ட்டான், ஆனா போன தண்ணி வரல. சித்திரை மாசம். தர்பூசணிப் படகு தொட்டி வாசல்லயே தரை தட்டி, ரெண்டு நாள் சேத்துல நின்னுச்சு. பழம் பூரா வெயில்ல வெடிச்சு, ஈ மொய்ச்சு, நாறிப்போச்சு. அந்தப் படகுக்காரி மண்ணை வாரி எறைச்சா. "இளிச்சவாய்கிட்ட கதவைக் குடுத்தா இப்படித்தான்"னு தேசம்மா மூஞ்சிக்கு நேராவே சொன்னா. தேசம்மாவுக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. இனிமே யாருக்கும் கெடையாதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணினா. தாயா இருந்தாலும் சரி, தலையே போனாலும் சரி.

தூங்கிட்டியா? ம். சரி, கேளு.

அப்புறம் ரெண்டாவது சோதனை. கல்யாணப் படகு ஒண்ணு மேலேர்ந்து வந்துச்சு. வாழமரம் கட்டி, பீப்பீ டும்டும்னு மேளம் வாசிச்சுக்கிட்டு. இந்தத் தடவ தண்ணி கீழ நிக்குது, உப்புப் படகு கீழ நிக்குது. பொண்ணோட மாமன்காரன், பட்டு வேட்டி, கழுத்துல சங்கிலி, முகூர்த்தம் தப்பிப் போயிடும்னு குதிக்கிறான். "நான் யாரு தெரியுமா?"ங்கிறான். "நீ யாரா இருந்தா என்ன? தண்ணி உப்புப் படகு பக்கம் நிக்குது"ன்னா தேசம்மா. "என்னை மெரட்ட நான் யார்கிட்டயும் சம்பளம் வாங்கல. அவசரம்னா எறங்கி வந்து நீயே கதவைத் தள்ளிக்க." பட்டு வேட்டியோட எங்க தள்ளுறது? உப்புப் படகு மொதல்ல ஏறுச்சு, கல்யாணம் அப்புறம் எறங்குச்சு.

கால்வாய் பூரா அதே பேச்சு. தேசம்மா லாக்குன்னா நியாயம்னா நியாயம்தான், பணக்காரன் ஏழை பாக்க மாட்டான்னு எல்லாப் படகுலயும் சொல்லிச் சொல்லி, அவளுக்கு உச்சி குளுந்துபோச்சு. அது அவளுக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. எனக்கு இந்த எடத்துல அவ மேல கோவம் கோவமா வரும்.

அப்போ மூணாவது சோதனை வந்துச்சு. உச்சி வெயில். கீழேர்ந்து ஒரு சின்னப் படகு, வெறும் படகு, காத்து மாதிரி வருது. தள்ளிட்டு வர்றவன் வேதகிரின்னு பேரு, நல்ல திடகாத்திரமான ஆளு. படகுல ஒரு பொம்பளை படுத்திருக்கா, மேல புடவை போத்தியிருக்கு. "அம்மா, எங்கம்மாவைப் பாம்பு கடிச்சிடுச்சு. சவுக்குத் தோப்புல அடுப்புக்கு மிளார் பொறுக்கப் போனா. மேல ஆஸ்பத்திரிக்குப் போவணும், தண்ணியைக் கொஞ்சம் திருப்பிக் குடும்மா"ன்னான்.

தேசம்மா தொட்டியைப் பாத்தா. தண்ணி மேல நிக்குது. மேல கட்டைப் படகு ஒண்ணு, மூக்கை உள்ள நொழைச்சாச்சு. "தண்ணி மேல நிக்குது. கட்டைப் படகு எறங்கட்டும், அப்புறம் நீ ஏறு"ன்னா.

"எங்கம்மாம்மா. வந்து பாரும்மா"ன்னான் வேதகிரி.

"இந்த மாதிரி படுத்துக்கிட்டு வந்தவங்களை நான் நெறைய பாத்துட்டேன்"னா அவ.

கட்டைப் படகுக்காரன் இருக்கானே, அவன்கூட மனசு கேக்காம, "அக்கா, நான் வேணா பின்னாடி போய் நிக்கிறேன், அவரை விடு"ன்னான். "நிக்கிறதுக்கு நீ யாரு? இன்னைக்கு நீ நிப்ப, நாளைக்கு இன்னொருத்தனை நிக்கச் சொல்லி அடிப்பாங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்"னு அவன் வாயையும் அடைச்சுட்டா. கரையிலேர்ந்து படகுக்கு எறங்க ஏழு படி. ஏழே ஏழு படி எறங்கி அந்தப் புடவையைத் தூக்கிப் பாத்திருக்கலாம். அவ எறங்கல.

என்ன? தூக்கிட்டு நடந்து போகக் கூடாதான்னா? நல்லாத்தான் கேக்குற. ஆஸ்பத்திரி அங்கேர்ந்து நாலு மைல். கரையெல்லாம் முள்ளு, உவர்ச்சேறு. கட்டைப் படகுல ஏத்தி அனுப்பலாம்னா, அதுல தலைக்கு மேல கட்டை, அந்த ஒடுக்கத்துல அதைத் திருப்பவும் முடியாது. வேதகிரி அதெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டுத்தான் கையைக் கூப்பிக்கிட்டு நின்னான்.

கட்டைப் படகு ஆடி அசைஞ்சு, கல்லுல இடிச்சு இடிச்சு உள்ள வரவே அரை மணி ஆச்சு. மேல் கதவு மூடுச்சு. கீழ்ப் பலகை கிர்ர், கிர்ர். தண்ணி எறங்குச்சு, எறங்குச்சு, எறங்கிட்டே இருந்துச்சு. கீழ் கதவு தொறந்து, கட்டைப் படகு வெளிய வந்து, ஒதுங்கி வழி விட்டுச்சு. அப்புறம் வேதகிரி உள்ள போனான். மறுபடி கதவு, மறுபடி கிர்ர் கிர்ர், குபுகுபு, குபுகுபு. அவன் அம்மா தலையை மடியில வச்சுக்கிட்டு, தண்ணியையே பாத்துட்டிருந்தான். படகு மேல வந்ததும் புடவையை வெலக்கினான். அவ்ளோதான். முடிஞ்சுபோச்சு.

தேசம்மா மேல் கதவைத் தொறந்து புடிச்சுக்கிட்டு நிக்கிறா. அவன் நிமுந்து பாத்தான். கத்தல, வையல. "கீழயே எறக்கிடும்மா, வீட்டுக்குப் போவணும். தண்ணி இப்ப என் பக்கந்தானே"ன்னான்.

எறக்கிவிட்டா. அன்னைக்கு அவ சோறு திங்கல. ஆனா மனுஷ மனசு சும்மா இருக்குமா? பாம்பு கடிச்சா பொழைக்கவா போறாங்க, நாலு மைல் தாங்கியிருக்குமா, வெஷம் அப்பவே தலைக்கு ஏறியிருக்கும்னு மத்தவங்க சொன்னாங்க. அவளும் அதையே புடிச்சுக்கிட்டா. சட்டத்தை ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணுமேன்னு சொல்லிக்கிட்டா. நாள் போச்சு, மாசம் போச்சு, ஆறு வருஷம் போச்சு. வேதகிரி செங்கல் படகு ஓட்ட ஆரம்பிச்சான். மாசத்துக்கு ரெண்டு மூணு தடவ அந்த வழியா வருவான். அவ கதவைத் தள்ளுவா, அவன் "வரேன்மா"ன்னு சொல்லிட்டுப் போவான். தண்ணி வேற பக்கம் நின்னா பேசாம காத்திருப்பான். அவன் அதை மறந்துட்டான்னு அவ நெனச்சா. மறக்கல. அன்னைக்குத் திருப்பியிருந்தாலும் நேரத்துக்கு ஆயிருக்காது, தண்ணிக்கு முன்னாடி யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நம்பிட்டிருந்தான். அந்த நம்பிக்கைதான் அவனுக்கு ஆறுதல். அம்மாவை யாரும் கொல்லல, தண்ணி அந்தப் பக்கம் நின்னுச்சு, அவ்ளோதான்னு.

ம் எங்க? ம்.

அப்புறம் ஒரு நாள் காலையில, பங்குனி கடைசி, தேசம்மா பாய் பின்னிட்டிருக்கா. கீழேர்ந்து ஒரு படகு வருது. தள்ளிட்டு வர்றது யாருன்னு பாத்தா, அவ மருமகன். படகுல கோமளா. ரெண்டாவது பிரசவம். ரெண்டு நாளா வலி, புள்ளை எறங்கல, குப்பத்து மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. கோமளாவுக்கு முனகக்கூடத் தெம்பு இல்ல, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு.

தேசம்மா இந்தத் தடவ ஏழு படியும் எறங்கினா. ஒரே தாவா எறங்கினா. பொண்ணு மூஞ்சியைத் தொட்டா, சில்லுனு இருக்கு. மறுபடி மேல ஓடி வந்தா. தண்ணி எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாக்கக்கூட இல்ல. கண்ணு மண்ணு தெரியாம கீழ்ப் பலகைக்கு ஓடி, கம்பியைப் போட்டு, கிர்ர் கிர்ர் கிர்ர்னு திருகுறா, திருகுறா. தண்ணி சர்ருனு கீழ பாயுது. ஆனா தொட்டியில மட்டம் எறங்கவே இல்ல. ஏன் எறங்கல? சொல்லு பாப்போம். மேல் கதவு தொறந்தே கெடக்குடி. இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட அவ பண்ணாத தப்பு. மேல இருக்கிற கால்வாயே கீழ போவுது, அவ திருகிட்டே இருக்கா.

"கையை எடும்மா. மேல் கதவு தொறந்திருக்கு"ன்னு ஒரு குரல்.

நிமுந்து பாத்தா, வேதகிரி. செங்கல் படகு. தண்ணி மேல நிக்குது. அவன் மொறை. படகு பாதி தொட்டிக்குள்ள வந்தாச்சு, பாயற தண்ணி அதை உள்ள இழுக்குது, அவன் கழியை ஊனிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். ஒரு நிமிஷம் அவளைப் பாத்தான். அவ கையில இருக்கிற கம்பியைப் பாத்தான். கீழ படகைப் பாத்தான். தேசம்மா அவன்கிட்ட எந்த வாயால கேப்பா?

அவன் கேக்க விடல. மொதல்ல கீழ்ப் பலகையை மூடச் சொன்னான், மூடினா. கழியை அழுத்தி, செங்கல் படகைப் பின்னாடி தள்ளினான். ஹெக். ஹெக். ஹெக். கழுத்து நரம்பு பொடைக்க, அவ்ளோ பாரத்தையும் பின்னாடி எடுத்துக் கரையில கட்டினான். குதிச்சு வந்து, இந்தக் கரை கதவைத் தள்ளி மூடினான், ஓடிப் போய் அந்தக் கரை கதவைத் தள்ளி மூடினான். அப்புறம் கீழ வந்து, அவ கையிலேர்ந்து கம்பியை வாங்கி, அவனே திருகினான். தொட்டி எறங்குச்சு. கீழ் கதவைத் தொறந்து கோமளா படகை உள்ள எடுத்தான். மூடினான். மேல் பலகையைத் தூக்கினான். குபுகுபு, குபுகுபு. படகு மேல வந்துச்சு. மேல் கதவைத் தொறந்தான். மருமகன் கழியைப் போட்டான், படகு பறந்துச்சு. தேசம்மா படகுல ஏறல. கரையிலயே உக்காந்துட்டா.

வேதகிரி வேர்வையைத் தொடச்சுக்கிட்டு, தொட்டித் தண்ணியைப் பாத்துட்டு நின்னான். அப்புறம் மெதுவாச் சொன்னான். "திருப்பறதுக்கு இவ்ளோ நேரந்தான் ஆவுமா? எங்கம்மாவுக்கும் இவ்ளோ நேரந்தாம்மா ஆயிருக்கும்."

அதுல கோவம் இல்ல. கோவமா கேட்டிருந்தா அவ தாங்கியிருப்பா. தண்ணியைத் திருப்பறது இவ்ளோ லேசுன்னு நெசமாவே அவனுக்கு அதுவரைக்கும் தெரியாது.

என்ன? கோமளாவா? பொழச்சுக்கிட்டா. புள்ளையும் பொழச்சுது. கத்தியால கீறி எடுத்தாங்க, பொண்ணு, நல்ல கொழுகொழுன்னு. எல்லாரும் வந்து பாத்தாங்க. தேசம்மா அந்தப் புள்ளையைக் கையில வாங்குறப்பல்லாம் அழுவா. சந்தோஷத்துல அழறான்னு ஊர் நெனச்சுது, அவளும் ஆமாம்னா.

அப்புறமும் லாக்குக்குத்தான் போனா. வேற எங்க போவா? ஆனா சட்டம் பேச வாய் இல்ல. யார் வந்து ஒடம்பு சரியில்லன்னாலும் தண்ணியைத் திருப்பிவிட்டா, நெசமா பொய்யான்னு கேக்கல. அதைத் தெரிஞ்சுக்கிட்டு எல்லாப் படகுலயும் ஒருத்தன் படுத்துக்கிட்டு வந்தான். அந்த வருஷம் சித்திரையில மேல கால்வாய் பூராச் சேறு. "ஒம் பொண்ணுன்னா தொறப்ப, எங்களுக்கு நியாயம் பேசுவியா?"ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. இத்தனை வருஷம் அவ தள்ளின கதவுல போய் வந்தவங்கதான். கேட்டதையெல்லாம் வாங்கிக்கிட்டா.

அதெல்லாம்கூட அவளுக்குப் பெரிசில்ல. வேதகிரி வருவான் பாரு, அதுதான். அன்னைக்கு அப்புறம் அவன் அவ கையால போறதில்ல. மொறை வர்ற வரைக்கும் நிப்பான். அப்புறம் எறங்கி, அவனே இந்தக் கரை கதவைத் தள்ளுவான், சுத்திப் போய் அவனே அந்தக் கரை கதவைத் தள்ளுவான். வருஷம் போகப் போக வயசாயிடுச்சு அவனுக்கும், மூச்சு வாங்கும். தேசம்மாவுக்கு மனசு அடிச்சுக்கும். ஓடி வந்து மறுபக்கத்துக் கதவுல முதுகை வைப்பா. அவன் தள்றதை நிறுத்திடுவான். கட்டையைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பான். வெயில் அடிச்சாலும் நிப்பான், மழை பேஞ்சாலும் நிப்பான். அவ முதுகை எடுத்துட்டுத் தள்ளிப் போற வரைக்கும் நிப்பான். அவ போனப்புறந்தான் தள்ளுவான்.

அப்புறமா? அப்புறம்னு ஒண்ணும் இல்லடி. கதை இங்கயே நிக்குது. நீ கண்ணை மூடு.